ரோமாபுரி அடுப்படியில் பிள்ளையார்

அடுப்படி மூலையையும் ஆலயமாய்க் கொண்டருளும் ஐங்கரன் திருவடி போற்றி.

அன்று ஆவணி மாதத்து வளர்பிறைச் சதுர்த்தி. எழுபதுகளின் மெல்பேர்ணில் எங்களுக்குக் கோயில் இல்லை. குசினியில், அடுப்புக்கு மேலிருந்த அலுமாரியின் மேல்தட்டில் வீற்றிருந்த விரலளவுப் பித்தளைப் பிள்ளையாரே சந்நிதி. சதுர்த்தியன்று அவருக்குப் படைக்கும்வரை அம்மா நீரும் அருந்தமாட்டார்.

பள்ளியில் அப்போது பொம்பெயி பற்றிய பாடம். எரிமலைச் சாம்பல் மூடிய அந்த ரோமர் நகரை அகழ்ந்தவர்கள், அடுப்பையும் சட்டியையும், அருகே சுவரில் வீட்டுத் தெய்வத்துக்கென அமைந்த மாடத்தையும் கண்டார்களாம். அத்தகைய சமையலறை ஒன்றைச் சப்பாத்துப் பெட்டியில் செய்துவரும்படி ஆசிரியை பணித்தார். செய்தவர் சித்தப்பா, பெருமையோடு சுமந்து சென்றவன் நான். ரோமர் யானைமுகனை வணங்கினர் என்று வகுப்புக்கு விளக்கியும் விட்டேன்.

நண்பகலில் வகுப்பு வாசலில் அம்மா நின்றார். கையில் கொழுக்கட்டைப் பாத்திரம். பின்னால் தலைகுனிந்த சித்தப்பா.

“பிள்ளையாருக்கே பசை பூசின ஆள் உலகத்தில நீர் ஒருத்தர்தான், தம்பி!”

“களிமண் சாமி நிக்கேல்லை அண்ணி. அதுதான் எங்கட ஆளை ஒட்டினனான்.”

“கழட்டும். கழலாட்டி இங்கயே படைப்பன்.”

சித்தப்பா ஈரத்துணியால் தேய்த்தார். ஆசிரியை அம்மாவுக்குப் பெட்டியைக் காட்டி விளக்க, சித்தப்பா தேய்த்தபடியே தமிழில் சொன்னார்: எரிமலை வெடித்த அன்று ஒருத்தி அடுப்பில் ஏற்றிய சட்டி, தோண்டியபோதும் அடுப்பிலேயே இருந்ததாம்.

“அப்ப அந்த மனிசி அண்டைக்குப் படைக்கேல்லையே?” என்றார் அம்மா.



பிள்ளையார் ஒருவாறு கழன்றார். அம்மா அவரைச் சேலைத் தலைப்பில் ஏந்திப் பாத்திரத்தை அவர்முன் காட்டிக் கண்மூடினார். பின்னர் ஒரு கொழுக்கட்டையை எடுத்து, வெறுமையாய் இருந்த அந்த அட்டை மாடத்தில் வைத்து மீண்டும் கண்மூடினார்.

“அம்மா, பிள்ளையார் உங்கட கையில எல்லே!”

“ஓம், தெரியும்.”

வகுப்பு சிரித்தது. விரதக் களைப்பில் தடுமாறுகிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன். எவள் தவறவிட்ட படையலை அம்மா நிறைவேற்றினார் என்பதை அறியும் வயது அப்போது எனக்கில்லை.

இதனை வாசிப்போர் யாவர் இல்லத்தும் அடுப்பு எரிக. ஏற்றிய சட்டி நலமே இறங்குக. படைத்தபின் பலர்கூடி உண்டு மகிழ்க.