சுழி போட்ட ஃபைல்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வேலை பார்த்த டிடிபி சென்டரில் சுந்தரவல்லியைக் கண்டால் முதலாளிக்கே கொஞ்சம் பயம். கல்யாணப் பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழி விட்டுப்போனால் அவரையே ஒரு பிடி பிடித்துவிடுவாள். சுழி போடாமல் அவளுக்கு எதிலும் கை ஓடாது.

விண்டோஸ் 95 வந்த பிறகு ஃபைலுக்கு விருப்பப்படி பெயர் வைக்க முடிந்தது. தனக்கென்று அவள் சேமித்தது ஒரே ஒரு ஃபைல். அதன் பெயருக்கு முன்னால் தமிழ் எழுத்துருவிலிருந்து சுழியை எடுத்துப் போட்டாள். திரையில் அது ஏதோ கொக்கி வைத்த எழுத்தாகத் தெரிந்தது. பிள்ளையாருக்குப் புரிந்தால் போதும் என்றாள்.

அதில் இருந்தது அவள் கணவர் கருணாகரனின் குரல். சாப்பாட்டு கேரியர் கொடுக்க வந்தவரைப் புது மைக் முன்னால் உட்கார வைத்திருந்தோம். மனுஷன் பாட்டா பாடினார், வசனமா பேசினார்? கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "வல்லி, சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதமே பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு தினமும் அதை ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். அந்த நேரம் நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அவருடைய வருஷ திதிக்கு அவள் லீவு போட்ட அன்று பார்த்து கம்ப்யூட்டரில் வைரஸ். விண்டோஸ் திறக்கவே இல்லை. சர்வீஸுக்கு வந்த அன்வர் பாஷா நல்ல வேலைக்காரன். டாஸின் கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து, ஃபைல் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு ஃபிளாப்பி என்று ஏ முதல் இசட் வரை காப்பி எடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தான்.

மறுநாள் ஊரார் கல்யாணமெல்லாம் பத்திரமாக இருந்தது. அவளுடைய ஃபைல் மட்டும் இல்லை. அன்வரைக் கூப்பிட்டோம். ஃபைல் பெயர் எப்படித் தொடங்கும் என்று கேட்டான். சுழி என்றதும் அவன் முகம் செத்துவிட்டது.

"கறுப்பு ஸ்கிரீன்ல அது கோணக் கோடா தெரிஞ்சிதுக்கா. வைரஸ் போட்ட குப்பைன்னு நெனச்சி வுட்டுட்டேன்."

எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வாய் ஓயாதவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்கார்ந்து யாருடைய பத்திரிகையையோ அடிக்கத் தொடங்கினாள். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அன்வரும் போகாமல் எதையெதையோ முயன்று பார்த்தான். ஃபைலில் என்ன இருந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானம் தாண்டியும் அவள் கேரியர் திறக்காமல் இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, சாப்ட்டீங்களா?"

அவள் கீபோர்டு மேலேயே கவிழ்ந்துவிட்டாள். கருணாகரன் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை.