நூற்று மூன்று ஆறுகள்

எனக்கு வாய் நீளம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியொன்றில் புவியியல் படிப்பித்த காலத்தில் அது எனக்கு உதவியது. ரொறொன்ரோவில் அதே வாய் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டது. இதைச் சொன்னால் என் கணவர், "இன்னும் உதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறீரோ?" என்று கேட்பார். ஓம், நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறென்ன செய்ய?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பார்க்டேலில் ஒரு பழைய தொடர்மாடியில் குடியிருந்தோம். எலிவேற்றர் பாதி நாள் வேலை செய்யாது. நான் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாணைப் பைக்குள் போடும் வேலை செய்தேன். அங்கே என்னைப் பெயர் சொல்லிக்கூட ஒருவரும் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷம் ரீச்சர், ரீச்சர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குள் ஒரு கதை உலாவியது. அகதி விசாரணையில் ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்களாம். உண்மையாகவே வடக்கிலிருந்து வந்தவர்தானா என்று அப்படித்தான் பிடிக்கிறார்களாம். எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்லத் தெரியாமல் முழித்த ஒருவருக்குக் கேஸே இல்லாமல் போய்விட்டதாம். நான் புவியியல் படிப்பித்தவள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒவ்வொருவராக என் குசினிக்கு, அடுப்படிக்கே, வரத் தொடங்கினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு நல்ல புளுகம், உச்சி குளிர்ந்துபோனது. கலண்டர் தாளொன்றைக் கவிழ்த்துப் போட்டு இலங்கைப் படத்தைக் கீறுவேன். ஈரவலயம், உலர்வலயம், மலைநாடு. ஏற்றுமதிக்குத் தேயிலை, இறப்பர், தெங்கு. வந்தவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்ப் பாடமாக்குவார்கள். நாலைந்து பேருக்குக் கேஸ் சரிவந்தது. எல்லாம் ரீச்சரால்தான் என்று அவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அப்படித்தான் அவரும் வந்தார். நெடுந்தீவுக்காரர். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஊரில் வள்ளம் ஓட்டியவர். கருவாடும் மாடும் பனங்கட்டியும் அக்கரைக்கு ஏற்றி இறக்கியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கடல் கடந்து போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். இவருடைய கேஸ் சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். முகாமில் எடுத்த படமொன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கதிரையில் இருக்க முதலே அதைத்தான் எடுத்துக் காட்டினார்.

"அண்ணை, உங்கட ஊரிலயிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" என்று தொடங்கினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தக் காத்துக்குக் கேக்கிறியள் ரீச்சர்? சோளகத்துக்கு ஒரு கணக்கு, வாடைக்கு ஒரு கணக்கு. கடல் பிழைச்சால் அண்டைக்குப் போகவே ஏலாது."

எனக்கு விசர் வந்தது. "காத்தாவது கத்தரிக்காயாவது! அவங்கள் கிலோமீற்றரில கேப்பாங்கள் அண்ணை. உப்பிடிச் சொன்னால் உங்களை விசரன் எண்டு நினைப்பினம்."

"ஓம் ரீச்சர்," என்று எழுதிக்கொண்டார். எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு.

அவருக்குக் கதைக்க விருப்பம். வீட்டுக் கிணறு உவர் என்பார். குடிக்கிற தண்ணீருக்கு மனைவி இரண்டு கட்டைத் தூரம் நடக்க வேண்டுமாம். மூத்த மகள் ஒரு மிடறு வாயில் விட்டதும் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாளாம். அதைச் சொல்லும்போது மனுஷனின் முகம் விரியும். நான் பேனையால் மேசையைத் தட்டுவேன். ஒருநாள் என் வரைபடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கட தீவைக் காணேல்லை ரீச்சர்," என்றார். உண்மைதான், தீவுகளை நான் கீறவில்லை. ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவர் பென்சிலை வாங்கி, தாளின் ஓரத்தில் தன் தீவைத் தனியாகக் கீறத் தொடங்கினார். கல்வேலிகள், நல்ல தண்ணீர்க் கிணறுகள், வள்ளம் தரைதட்டும் இடம் என்று ஒன்றும் விடவில்லை.

"உதொண்டும் கேக்க மாட்டினம் அண்ணை. நாட்டைப் பற்றித்தான் கேப்பினம். கொப்பியில இருக்கிறதை மட்டும் சொல்லுங்கோ. உங்கட கதையளை அங்கை அவிழ்த்து விட்டிடாதையுங்கோ," என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அவர் போன பிறகு என் கணவர் சொன்னார்: "இஞ்சரும், அந்த மனுசனை அவற்ர பாட்டில சொல்ல விடுமன்."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு உதிலை என்ன தெரியும்?" என்று பாய்ந்தேன்.

நெடுந்தீவுக்காரர் ஆறு ஞாயிறுகள் படித்தார். ஸ்ரீற்கார் ட்ராமில் வரும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவாராம். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போய்விடுவார்களாம். சிரித்துக்கொண்டு சொன்னார்.

விசாரணைக்கு நானும் வரவேண்டும் என்று கெஞ்சினார். "நீங்கள் பின்னால இருந்தால் எனக்கு ஒரு துணிவு, ரீச்சர்." மாசி மாதக் குளிருக்குள் நகரத்தின் நடுவில் ஒரு உயரமான கட்டிடத்துக்குப் போனோம். சின்ன அறை, யன்னல் இல்லை. அவர், அவருடைய லோயர், ஒரு மொழிபெயர்ப்பாளர், முடிவு சொல்லப்போகும் வெள்ளைக்காரப் பெண். பின்வரிசைக் கதிரையில் நான்.

கேள்விகள் வந்தன. தூரம் கேட்டார்கள், கிலோமீற்றரில் சொன்னார். தொழில் கேட்டார்கள், "மீன்பிடி, விவசாயம், கால்நடை வளர்ப்பு" என்று என் கொப்பித் தமிழில் அப்படியே சொன்னார். காலநிலை கேட்டார்கள், உலர்வலயம், வடகீழ்ப் பருவக்காற்று. என் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. நூற்றுக்கு நூறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குரலைத் தணித்து ஒன்று கேட்டார். "உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும்?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அது கொப்பியில் இல்லாத கேள்வி. அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஐயோ, சொல்லுங்கோ அண்ணை, மகளைப் பற்றிச் சொல்லுங்கோ என்று எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது. ஆனால் வாய் திறக்க ஏலாது. அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தார். மனுஷன் திரும்பி, நிமிர்ந்து இருந்து, தெளிவாகச் சொன்னார்:

"இலங்கையில் நூற்று மூன்று ஆறுகள் உண்டு. மிக நீளமானது மகாவலி கங்கை."

நெடுந்தீவில் ஒரு ஆறுகூடக் கிடையாது.

வெளியே வந்ததும், "சரிதானே ரீச்சர்?" என்று கேட்டார். "நல்லாச் சொன்னனீங்கள்," என்று சொல்லிக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒரு கேள்விதானே, மிச்சமெல்லாம் சரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பனி கரைந்து தெருவெல்லாம் ஊத்தையாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு வந்தார். உடைத்திருந்தார், ஆனால் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். கேஸை மறுத்ததற்குக் காரணம் எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சொந்த ஊரைப் பற்றி இவர் சொன்னதெல்லாம் யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. சொந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்வதற்குக்கூடப் பின்னால் இருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தார். ஆகவே இவர் அந்தத் தீவைச் சேர்ந்தவர் என்பதை நம்ப முடியவில்லை.

"என்னவாம் ரீச்சர்?"

"கேஸ் சரிவரேல்லை அண்ணை. ஆதாரம் காணாதாம்."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அவருடைய லோயர் பிறகு எப்படியும் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு, என் குசினியில், அதைச் சொல்ல வேண்டியவள் நான். எனக்குப் பயமாக இருந்தது; வெட்கமாக இருந்தது.

அவர் அழவில்லை. சட்டைப் பையைத் தடவினார், படத்தை எடுக்கவில்லை. பிறகு ஜக்கெற்றுக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். ஓரங்கள் எல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பட்டு ஊதியிருந்தன.

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ," என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தூரம். தொழில். காலநிலை. தேயிலை, இறப்பர், தெங்கு. நான் வரிவரியாக விரலை வைத்துக்கொண்டு போனேன். ஆறுகளில் வந்து முடித்தார்.

"எது பிழை, ரீச்சர்?"

"ஒண்டும் பிழையில்லை அண்ணை," என்றேன். "எல்லாம் சரி."

"அப்ப அடுத்தமுறையும் உதையே சொல்லுறன்," என்று கொப்பியை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அவருக்கு அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை.