துபாய் சோப்பும் என் முதல் கதையும்

என் முதல் கதை அச்சில் வந்தபோது எங்கள் தெருவில் அதை வாசிக்காதவர்கள் என் வீட்டார் மட்டும்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்கு வந்தவர்கள். மலையாளத்தில் பேசுவார்கள், பேரம் பேசுவார்கள், அவசியப்பட்டால் சண்டையும் போடுவார்கள். தமிழ் வாசிப்பார்கள், மலையாளம் வாசிக்க மட்டும் வராது. நான் நேர்மாறு. இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவள். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் என் பெயரை எழுதச் சொன்னால் அப்போதெல்லாம் கொஞ்சம் யோசிப்பேன். ஆக, வீட்டில் யாராலும் வாசிக்க முடியாத எழுத்தில் வீட்டைப் பற்றி எழுதும் வசதி எனக்கு வாய்த்திருந்தது. பன்னிரண்டு வயதில் அந்த வசதியை நான் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன டிபன் கடை இருந்தது. காலையில் தோசை, இட்லி. மாலையில் சாயா, பருப்பு வடை. அப்பா தோசைக்கல்லுக்கும் கல்லாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார். அம்மா பொறுப்பில் மாவும் சட்னியும். பரிமாறுவது அத்தை, அப்பாவின் தங்கை. அவளுடைய கணவர், அதாவது என் மாமா, துபாயில் வேலை பார்த்தார். தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தெரிந்தது வேறு. மாமா துபாய்க்குப் போனது உண்மை. முதல் வருஷம் தவறாமல் போன் செய்ததும் உண்மை. பிறகு போன் நின்றுபோனது. அதற்கு அடுத்த வருஷம், அரிசி பார்க்கப் போன அப்பா, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஆலுவா ரயில் நிலையத்துக்கு வெளியே அவரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அப்பா வந்து அடுப்படியில் நின்றபடி தாழ்ந்த குரலில் சொன்னார். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. துபாய் ஆலுவாவுக்கு வந்துவிட்ட விஷயம் தெருவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும் எங்கள் எல்லோருடைய வேலையாகவும் ஆகிவிட்டது.

அது லேசான வேலை அல்ல. கல்ஃபில் ஆள் இருக்கிற வீடு என்றால் அக்கம்பக்கத்துக்கு அவ்வப்போது ஒரு சோப்போ, செண்ட்டோ, ஒரு பிடி பேரீச்சம்பழமோ போயாக வேண்டும். கொடுக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். அதனால் ஒவ்வோர் ஓணத்துக்கு முன்னாலும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு படகேறி எறணாகுளம் போவாள். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. பச்சை உறை போட்ட சோப்பு, தலைவலித் தைலம், ஒரு டின் பால்பவுடர். வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுப்பது என் வேலை. உறை கிழியாமல், பசை தெரியாமல் எடுப்பதில் நான் கெட்டிக்காரி. பிறகு இருவரும் வீடு வீடாகப் போய், மாமா கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவோம். போதாததற்கு, துபாயில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், வெள்ளி மதியம் கடை ஒழிந்ததும் அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை சிரித்துப் பேசிக்கொண்டே நடப்பாள். அந்தப் போனில் பேலன்ஸ் இருக்காது.

இப்படி இருக்கையில்தான், ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், பக்கத்து வாசகசாலையில் பிள்ளைகளுக்குக் கதை எழுதப் பயிற்சி என்று அறிவித்தார்கள். இலவசம் என்பதாலும் கடையில் காலைச் சுற்றிக்கொண்டு நிற்க மாட்டேன் என்பதாலும் அப்பா அனுப்பிவைத்தார். சொல்லிக்கொடுத்தவர் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர். ஞாயிறுதோறும் பைக்கில் வருவார். அவருடைய கதைகள் இரண்டோ மூன்றோ வெளிவந்திருந்தன. அதனாலேயே எங்களுக்கு அவர் சார்.

சார் கதையைப் பற்றிச் சொன்னதைவிட எழுத்தாளர் ஆவதைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். எந்தப் பத்திரிகைக்கு எத்தனை பக்கம் அனுப்ப வேண்டும், ஆசிரியருக்கு எப்படி வணக்கம் சொல்லித் தொடங்க வேண்டும், தன்னைப் பற்றிய குறிப்பை யாரோ ஒருவர் எழுதியதுபோல எப்படி எழுத வேண்டும், எல்லாம் சொன்னார். இப்போதே தொடங்கினால் கல்லூரிக்குப் போகும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும் என்றார். அன்று ராத்திரியே நான் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அவர் கதையைப் பற்றிச் சொன்ன ஒன்று என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும் என்றார். மற்ற பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். நான் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

சார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது என்னுடைய வீட்டுக் கதையா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயர்களை மாற்றினால் போதும் என்பது அவருடைய விதி. அத்தையைச் சின்னம்மா ஆக்கினேன். டிபன் கடையைத் தையல் கடை ஆக்கினேன். ஆலுவாவைத் திருச்சூருக்குக் கொண்டுபோனேன். விலைச்சீட்டைச் சுரண்டுவது மட்டும் அப்படியே இருக்கட்டும், கதையின் உயிரே அதுதான் என்றார் சார். வெள்ளிக்கிழமைப் போனும் அப்படியே இருந்தது. ஒரே ஒரு குறை சொன்னார்: முடிவு இருட்டாக இருக்கிறது, வாசிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசியில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். எனக்கு அது பெரிய சிரமமாக இல்லை. மாமாவை ஓர் ஆட்டோவில் ஏற்றி, கையில் பெட்டியைக் கொடுத்து, வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

ஆவணி தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் கதை வந்தது. முக்கால் பக்கம். கீழே இரட்டைச் சடையோடு என் போட்டோ, மட்டாஞ்சேரி என்று ஊர்ப்பெயர். பெயர்களை மாற்றியது எந்த லட்சணத்தில் பயன்படும் என்று இதிலிருந்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கதை எதைப் பற்றி என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு வீட்டுக்குப் பெட்டி வருகிற கதை என்றேன். அது பொய்யும் இல்லை. நல்ல விஷயம்தான் என்று தலையாட்டிவிட்டு, பக்கத்தைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். சாயா குடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் மகள் எழுதியது என்று விரல் நீட்டிக் காட்டினார். அவர்கள் எழுந்துபோய் நின்று வாசித்தார்கள்.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாசிப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே பள்ளி விட்டதும் கடையில் வந்து உட்கார்ந்தேன். தொடங்கும்போது ஒரு சிரிப்பு இருக்கும். நடுவில் எங்கோ அது போய்விடும். வாசித்து முடித்ததும் தலை மெல்லத் திரும்பி, தட்டு எடுத்துக்கொண்டிருக்கும் அத்தையைப் பார்க்கும். பிறகு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். தினமும் வருகிற சுமைகாரச் சேட்டன் ஒருவரிடம் அப்பா, எப்படியிருக்கு என்று கேட்டார். நன்னாயிட்டுண்டு என்று சொன்ன அவர், வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டை எடுத்துப் போக அத்தைதான் வந்தாள்.

அன்று தொடங்கிய கூச்சம் இன்றுவரை என்னை விடவில்லை. அத்தை சட்னி வாளியோடு அந்தச் சட்டத்துக்குக் கீழேயே நடமாடினாள். அவள் தலைக்கு மேலே அவளுடைய மானம் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியது அவளுடைய சொந்த அண்ணன். எழுதியது நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெருவில் தெரியாதவர்கள் அவளும் அப்பாவும் அம்மாவும்தான். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சட்டத்தைக் கழற்றிவிடலாம் அப்பா என்று மட்டும் ஒருநாள் கெஞ்சினேன்.

"வெக்கப்படாதட்டி. இதெல்லாம் நாலு பேரு பாக்கணும்" என்றார் அப்பா. சட்டம் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்ந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மாலையும் ஏறியது.

ஓணம் வந்தது. அத்தை என்னை எறணாகுளத்துக்குக் கூப்பிட்டாள். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதே கடை, அதே பச்சை உறை சோப்பு. நான் விலைச்சீட்டைச் சுரண்டினேன். அந்த முறை இரண்டு உறைகள் கிழிந்தன.

முதல் வீடு எப்போதும் பக்கத்து வீட்டுச் சேச்சியுடையது. அத்தைக்கு இந்த ஊரில் சிநேகிதி என்று சொல்ல அவள் ஒருத்திதான். அத்தை சோப்பை நீட்டி, வழக்கம்போல, "அவிய குடுத்து விட்டாவ" என்றாள். சேச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். ரொம்ப நல்ல மணம் என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். முந்தைய வருஷங்களில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியே படி இறங்கியிருந்தால் அன்றைய பொழுது போயிருக்கும். உள்ளேயிருந்து அவள் மகன் வந்தான். என் வகுப்புக்காரன். அம்மா கையிலிருந்த சோப்பைப் பார்த்தான்.

"அம்மே, இது ஆ கதையிலே சோப்பல்லே?"

சேச்சி அவன் தொடையில் கிள்ளினாள். ஆனால் அத்தை கேட்டுவிட்டாள். எந்தக் கதை என்றாள். சேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தாள். நான் சோப்புப் பையோடு பின்னால் போனேன்.

மதியம் கடை ஒழிந்த நேரம். அப்பாவும் அம்மாவும் வீட்டில் படுத்திருந்தார்கள். அத்தை ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"வாசி" என்றாள்.

சேச்சிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் தெரிந்துதான் கடையில் மாட்டியிருக்கிறார்கள், இனி மறைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள் என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். சில இடங்களை விழுங்கப் பார்த்தாள். வாயசைவு நிற்கும்போதெல்லாம் அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

"விடாம வாசி அக்கா."

விலைச்சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமைப் போன் வந்தது. திருச்சூர் ரயில் நிலையமும் இடுப்புக் குழந்தையும் வந்தன. நான் எழுதியபோது நன்றாக இருந்த ஒவ்வொரு வரியும் சேச்சியின் குரலில் கேட்கக் கேட்க, மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. அத்தை அடிப்பாள், அல்லது அழுவாள், அல்லது அப்பாவை எழுப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் நாடியில் கை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஆட்டோ வந்து நின்றது. மாமா பெட்டியோடு இறங்கினார். சின்னம்மா ஓடிவந்தாள். கதை முடிந்தது.

அத்தை நாடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைசி சரியில்லட்டி. அவிய வரமாட்டாவ."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை, முடிவைத்தான் குறை சொல்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கதை என்றால் அப்படித்தான் அத்தை, வாசிக்கிறவர்களுக்குக் கடைசியில் வெளிச்சம் வேண்டும், சாரே சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மேசை துடைக்கும் துணியால் கண்ணாடியிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். திரும்ப ஸ்டூலில் ஏறி, சட்டத்தை இருந்த இடத்திலேயே மாட்டினாள். சேச்சி கையிலேயே பிடித்திருந்த சோப்பைக் காட்டி, "இது எறணாகுளத்துல நான் வாங்குனது. நல்ல சோப்புதான். தேச்சிக் குளி" என்றாள்.

பையிலிருந்த மற்ற சோப்புகள் எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போயின. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் துபாய் மணத்தோடு இருந்தோம். ஏன் இந்த வருஷம் கொடுக்கவில்லை என்று அப்பா கேட்டதற்கு, மனசில்லை என்று மட்டும் அத்தை சொன்னாள். வெள்ளிக்கிழமை நடையும் நின்றது. கதையில் என்ன இருந்தது என்பதை அவள் கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை. கடை இடம் மாறும் வரையில் அவர் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேதான் இருந்தார்.

பிற்பாடு, கல்லூரிக் காலத்தில், நான் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தேறினேன். மலையாளத்தில் எழுதினால் இன்னும் விரைவில் பெயர் கிடைத்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு; சாரும் சொன்னார். இருக்கலாம். என் வீட்டார் வாசிக்க முடியாத எழுத்தில் அவர்களைப் பற்றி எழுத எனக்குப் பிறகு கை வரவில்லை. இப்போது எது எழுதினாலும் முதலில் அத்தைதான் வாசிக்கிறாள். இதையும் வாசிப்பாள்.

ஆனால் அந்த ஓணத்தின்போது எனக்கு இருந்த வருத்தமெல்லாம் வேறு. என் முடிவு அத்தைக்குப் பிடிக்கவில்லையே என்பதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரைத் தேடிப் போய்க் கேட்டேன். முடிவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கதை பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமா வரமாட்டார் என்பதை அத்தை அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சட்டத்தைக் கழற்றிய அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து, வருவார் என்று அவளோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.