மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பந்தயக் கார்

தடைகளைத் தானே வைத்துத் தானே நீக்கி விளையாடும் ஆனைமுகனை முதற்கண் வணங்குகிறேன். ஆலவாயில் அமர்ந்து, அடியவர் பிழைகளை எண்ணாது பொறுக்கும் பெருமானையும், அவனுக்குப் பாதியான அங்கயற்கண் அம்மையையும் வணங்குகிறேன். கார்த்திகைத் திங்களில் வளர்பிறைப் பஞ்சமியும் உத்திராடமும் சோமவாரமும் கூடிய இந்நன்னாளில், காலைப் பதிகங்களை ஓதி முடித்து, நெற்றியின் நீறு உலருமுன் எழுத அமர்ந்திருக்கிறேன். எழுதப்போகும் பொருள் ஒரு கார். அதைப் பற்றி எழுத நல்ல நாள் பார்த்ததே அதற்குத் தகாத மரியாதை.

அந்தக் கார் என் மனைவியின் தம்பியுடையது. டைல்ஸ் கடை வைத்துச் செழித்தவர் அவர். செழித்தவர்களுக்கு வரும் நோய் அவருக்கும் வந்தது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் வாரிசுகள், இடத்தை அடைக்கிறது என்று தள்ளிவிட நினைத்த சீமைப் பந்தயக் கார் ஒன்றை, தவம் செய்து பெற்றவர்போல் வாங்கி வந்தார். இரண்டே இருக்கைகள், கூரை என்ற பெயரில் ஒரு துணி, முழங்காலை எட்டாத கதவு. அதில் ஏறுவது குழிக்குள் இறங்குவதற்கு ஒப்பு. அதிலிருந்து இறங்குவதோ, ஒருவர் கைகொடுக்க மற்றொருவர் முதுகைத் தாங்கவேண்டிய பெருமுயற்சி. இந்த அழகுக்கு அரைவிரல் கையுறை ஒன்றும், கண்ணை மறைக்கும் தொப்பி ஒன்றும் வேறு. மதுரையில் ஆட்டோக்களுக்கும் பசுக்களுக்கும் நடுவே மணிக்குப் பத்து மைல் வேகத்தில் உறுமிக்கொண்டு ஊரும் ஒரு வண்டிக்குப் பந்தயக் கார் என்று பெயர்.

அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவனே. பஞ்சாலை ஒன்றின் இயந்திரப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தவன். கார்புரேட்டர் என்பது உண்பதா உடுப்பதா என்று கேட்காத தலைமுறையைச் சேர்ந்தவன். என் மைத்துனருக்கு அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் தெரியும்.

சென்ற ஆண்டு அவருடைய ஒரே மகனுக்கு, ஐப்பசியில் நடத்துவதாகத் திருமணம் நிச்சயமாயிற்று. உடனே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அத்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டிதான். ஓட்டப்போறது நீங்கதான். வேற எவன் கையிலயும் சாவியக் குடுக்க மாட்டேன்."

"மாப்ள, அது ஊர்வலம். நாதஸ்வரக்காரங்க நடக்குற வேகத்துல போகணும். ஒங்க வண்டி அப்படிப் போகுமா?"

"நீங்க இருக்கையில போகாம என்ன செய்யும்?"

புகழ்ச்சிக்கு மயங்கமாட்டேன் என்பது என்னைப் பற்றி நான் கொண்டிருந்த பல பொய்களில் ஒன்று. ஒப்புக்கொண்டேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை, மணமகனை அருகில் அமர்த்தி நான் ஓட்டவேண்டும். முன்னே எட்டுக் கலைஞர்கள் வாசித்தபடி நடப்பார்கள். கடைசித் தவில்காரரின் குதிகாலுக்கும் காரின் பம்பருக்கும் நான்கடி இடைவெளி இருந்தால் அதிகம்.

ஊர்வலத்துக்கு மூன்று வாரம் முன்பு ஆயுத பூசை வந்தது. ஊரார் வண்டிகளுக்குச் செய்யும் பூசையைக் கண்டு நான் எப்போதும் முகம் சுளிப்பவன். கண்ணாடியில் ஒரு பட்டை, பானெட்டில் ஒரு பட்டை, நடுவில் குங்குமம். ஒரு வேலையும் செய்யாத தகரத்துக்கு எதற்கு மரியாதை? உழைக்கும் உறுப்பை வணங்குபவனே தொழில் அறிந்தவன் என்று என் மைத்துனர் வீட்டார் அனைவர் முன்னும் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். நானே கல்லில் இழைத்த சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, பானெட்டைத் திறந்து, அசையும் இடம் ஒவ்வொன்றுக்கும் பதிக வரிக்கு ஒரு விரலாகப் பூசினேன். மைத்துனர் கைகூப்பி நின்றார். அவருக்கு அது புரியாததால் மேலும் பக்தியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, ஊர்வலத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று இருவரும் அழகர்கோவில் சாலையில் புறப்பட்டோம். ஊரைத் தாண்டும்வரை அடக்கமாக வந்தது. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். முந்தியாயிற்று. காலை எடுத்தேன். கார் எடுக்கவில்லை.

மிதி மேலே வந்துவிட்டது. வேகம் மட்டும் குறையவில்லை. எதிரே ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அதை எதிர்த்து இழுக்கிறது. கிளட்சை மிதித்தேன், எஞ்சின் பேய் பிடித்ததுபோல் அலறியது. நல்லவேளையாகக் கை தானே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தது. கடைசி ஆட்டுக்குட்டிக்கு ஒரு கை தூரத்தில் கார் நின்றது.

"யோவ் பெருசு! கண்ணு தெரியலேன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதான? இந்த வயசுல தொட்டி மாதிரி ஒரு வண்டி!" என்றார் ஆட்டுக்காரர். அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

அப்போது, சூடேறிய எஞ்சினிலிருந்து நல்ல சந்தன மணம் எழுந்தது. கருவறை திறந்ததும் வருமே, அதே மணம். என் கண்கள் கலங்கின. "மாப்ள, அழகர் நம்மளக் காப்பாத்திட்டார். மணத்தப் பாருங்க!" என்றேன். அவரும் மூக்கை உறிஞ்சிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலை என் மனைவி காருக்குக் கற்பூரம் காட்டினாள். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

அருளுக்கு அழகர் காரணமானார். குற்றத்துக்கு ஒருவர் வேண்டுமே. பூசைக்கு முந்தின மாதம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தவர், மாட்டுத்தாவணிக்கு அப்பால் தகரக் கொட்டகை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கேட்டதற்கு மேல் பேசமாட்டார். பேசாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது என் முடிவு. மறுநாளே கொட்டகைக்குப் போய், வேறு இருவர் காத்திருக்க, அவர்கள் காதுபட, "எட்டுப் பேரோட உயிருய்யா! ஸ்பிரிங் ஒழுங்கா மாட்டத் தெரியாத கைக்கு எதுக்கு ஸ்பேனர்?" என்று கேட்டேன். அவர் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல வாரேன்யா" என்றார். அவ்வளவுதான்.

இடைப்பட்ட அந்த ஒரு பகலில் என் மைத்துனர் கைப்பேசியில் நான்கு வீடியோக்கள் பார்த்துவிட்டார். மிதியின் கீழே கால்விரிப்பு சுருண்டிருக்கும் என்றது ஒன்று. விரிப்பைத் தூக்கி எறிந்தார். சோக் இழுத்தபடியே நின்றிருக்கும் என்றது அடுத்தது. அது உள்ளேதான் இருந்தது. மூன்றாவது, கேபிள் என்றது. நான்காவது பேசிய மொழியே எங்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் இறுதிவரை பார்த்தார். நானோ மேலேயிருந்த ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, மெக்கானிக்கைப் பழித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பட்டறிவு அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

காலையில் மெக்கானிக் வந்தார். எஞ்சினைச் சூடேற்றி அணைத்தார். மிதியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, கையால் இணைப்பைத் திறந்து விட்டார். அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்றை விடும் சிறு கதவு. அதைத் தாங்கும் ஒரு தண்டு. மிதித்தால் கதவு திறக்கும்; காலை எடுத்தால் ஸ்பிரிங் அதை மூடவேண்டும். பாதிவரை திறந்துவிட்டபோது இரண்டும் ஒழுங்காக மூடின. முழுவதும் திறந்துவிட்டபோது முன்னது மூடியது. பின்னது திறந்தபடியே நின்றது.

"கேபிளு இல்ல. முன்னால உள்ளது நல்லாருக்கு. கோளாறு பின்னால உள்ளதுல," என்றார் அவர். எஞ்சினுக்கும் பின்தகட்டுக்கும் இடையே டார்ச்சை நுழைத்து, கழுத்தைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லிய திருப்புளியை உள்ளே விட்டுச் சுரண்டினார். அதன் நுனியில் பழுப்பேறிய மஞ்சள் பொருக்கு ஒன்று வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பின் அதை என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்கய்யா."

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சூட்டில் அது தானே மணந்தது.

"சூட்டுல வெந்து சிமெண்டு கணக்கா இறுகிருக்கு. தண்டு முழுசாத் திரும்பயில இந்தப் பொருக்கு இடுக்குல மாட்டிக்கிருது. நான் அங்க எண்ணெதான்யா விடுவேன். சந்தனம் வைக்கிற கை என் கை இல்ல."

என் மைத்துனர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு பொருக்கைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அத்தான்! நெத்தியில வச்சாப் பத்தாதா? கை காலு மூட்டுக்கெல்லாமா வைப்பாக? எம்புட்டுப் பக்தி, அத்தான்!"

நான் அவமதித்த ஊராரின் பூசையை எண்ணிப் பார்த்தேன். பானெட்டின்மேல் பூசிய சந்தனத்தால் எந்த ஆட்டுக்குட்டிக்கும் ஆபத்து நேர்ந்ததில்லை. வேலை செய்யாத தகரத்தில் அவர்கள் பூசியது அடக்கம். வேலை செய்யும் இடத்தில் நான் பூசியது என் மேதைமை. அழகரின் அருள் என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடிய அந்த மணம், நானே வைத்த கொள்ளியின் புகை. நாள்தோறும் 'நாயேன்' என்று பாடிவிட்டு எழுந்து ஊரை அதட்டப் போகும் வாய் இது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல்லின் பொருளை ஒருநாளும் உணர்ந்ததில்லை என்று ஒரு திருப்புளி நுனி காட்டிவிட்டது.

மெக்கானிக் தண்டைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்துத் துடைத்து மாட்டினார். முழுவதும் திறந்து இருபது முறை விட்டுப் பார்த்தார். இருபது முறையும் டக்கென்று மூடியது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காப்பி சாப்பிடுறீங்களா?" என்ற சொற்களே வந்தன. "குடுங்க" என்றார்.

மாப்பிள்ளை அழைப்பன்று மாலை, பிள்ளையார் கோயில் வாசலில் மைத்துனர் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி மெக்கானிக்கின் கையில் வைத்தேன். அவரை நானே கொட்டகைக்குப் போய், இம்முறையும் இருவர் காத்திருக்க, அவர்கள் காதுபட அழைத்து வந்திருந்தேன். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டை நோக்கி வந்தாள்.

"மேலாப்புல மட்டும்," என்றேன்.

"தெரியும். எல்லாருக்கும் தெரியும்," என்றாள்.

ஊர்வலம் கிளம்பியது. நான் தவில்காரருக்கும் பம்பருக்கும் நடுவே, அந்த நான்கடியில் போய் நின்றுகொண்டேன். கார் மறுபடியும் பாய்ந்தால் முதலில் விழவேண்டியவன் யார் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. தவில்காரர் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, ஓரமா வாங்க, கோலு பட்டுரும்" என்றார். நகரவில்லை. மண்டபம்வரை முழங்கால் வலிக்க, முதுகில் எஞ்சினின் வெப்பத்தோடு நடந்தேன். பின்னாலிருந்து மெக்கானிக்கின் குரல் ஒருமுறைதான் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் வெரசா நடங்க. வண்டி சூடாகுது."

வெரசாக நடந்தேன்.

இதைப் படித்த நீங்கள் அனைவரும் நலமாக இருங்கள். உங்கள் வீட்டு வண்டிகள் நீங்கள் காலை எடுத்த இடத்தில் நிற்கட்டும். நீங்கள் வைக்கும் சந்தனம் நெற்றியளவில் நிற்கட்டும். நீங்கள் கடிந்துகொண்டவர்கள் மறுநாள் காலை உங்கள் வாசலுக்கு வரும் பேற்றை ஆலவாய்ப் பெருமான் உங்களுக்கும் அருளட்டும்.