மாத்திரைக்குச் சாப்பிட்ட சோறு

மாப்பிள்ளை வீடு பார்க்க அரக்கோணம் போவதற்கு முந்தின நாள்தான் எனக்கு ரூட் கெனால் செய்தார்கள். நாங்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தோம். பல் பார்க்கவில்லை.

திருத்தணி கடைத்தெருவில் இருக்கும் பல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். என் வாய்க்குள் ஒரு விசைத்தறியையே ஓட்டி முடித்துவிட்டு, "மரப்பு போனதும் ரெண்டு மூணு நாள் வலிக்குங்க. அந்தப் பக்கம் மெல்லாதீங்க. மாத்திரைய வெறும் வயித்துல போடவே கூடாது" என்றார். அதற்கப்புறம் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "பேசாதீங்க" என்பதுதான் பதில். என் மனைவிக்கு அந்த மருத்துவரை அங்கேயே பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷமாக அவள் சொல்லி நான் கேட்காததை ஒருத்தி சொல்லிக் கேட்க வைத்துவிட்டாளே!

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பையனைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள். "வீட்ட பாத்துட்டு வாங்க நைனா. ஆனா நான் அவர்கிட்ட பேசாம யாரும் சரின்னு சொல்லக் கூடாது" என்று போனில் சத்தியம் வாங்கியிருந்தாள். நானும் பெரிய மனிதனாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரயிலில் போகும்போது மனைவி பாடம் எடுத்தாள். "காபி குடிங்க, தண்ணி குடிங்க. சோத்துல மட்டும் கைய வச்சிடாதீங்க." எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். வாயால் ஒத்துக்கொண்டுவிட்டுக்கூட மாற்றிப் பேசலாம், சோற்றில் கை வைத்துவிட்டு மாற்ற முடியாது. இதெல்லாம் தெரியாத ஆளா நான்? வீங்கின கன்னத்தோடு முறைத்தேன்.

போன இடத்தில் நல்ல மரியாதை. பையன் ரயில்வேயில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். அவன் அம்மா என் மனைவியை மாடியைக் காட்ட அழைத்துக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து வலி கிளம்பியது. தாடையில் ஆரம்பித்துக் காது வரைக்கும் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா மாமா, பல்லா?" என்றான் பையன்.

"ஆங். மாத்திரை போடணும். எதுனா சாப்ட்டுட்டுதான் போடணுமாம்."

அவன் உள்ளே போய் ரசம் சோற்றைக் கூழாகப் பிசைந்து, ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தான். மருந்துக்குச் சாப்பிடுவது எப்படிச் சாப்பாடாகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வலி வந்தவனுக்கு எல்லா நியாயமும் சரியாகத்தான் படும்.

கிண்ணத்தை வழித்து மாத்திரையையும் விழுங்கினேன். மாடிப்படியில் இறங்கிவந்த பையனின் அம்மா என் கையைப் பார்த்தார்.

"அய்யோ, சம்பந்தி கை நனைச்சிட்டாரே!"

அது சந்தோஷக் கூச்சல். என் மனைவி படியிலேயே நின்றுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கல்கண்டை எடுத்துவந்து என் வாயில் போட்டுவிட்டார். அது சரியாக வைத்தியம் பார்த்த பக்கம் போய் உட்கார்ந்தது. அங்கேயே உயிர் போய்விடும் போலிருந்தது. கௌரவம் பார்த்து அதை அப்படியே விழுங்கித் தொலைத்திருக்கலாம். ஆனால் விழுங்கினால் என் மகளின் வார்த்தையையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும் என்று பயமாக இருந்தது. கல்கண்டை உள்ளங்கையில் துப்பினேன்.

"எம்பொண்ணு இன்னும் சரின்னு சொல்லலங்க."

"அப்ப சோத்துல கை வச்சது?"

"மாத்திரைக்குங்க."

அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு மருத்துவரின் ஊசியே தேவலாம். பையன் மட்டும்தான் சிரித்தான். சிரித்துவிட்டு, "மாத்திரைக்குதாம்மா. நான்தான் பிசைஞ்சு குடுத்தேன். அவங்க பொண்ணு சொல்லட்டும்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். பாதி வாய் ஒத்துழைக்கவில்லை. அவள் முதலில் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டாள்.

"நைனா, இப்ப நான் வேணான்னு சொன்னா?"

"வேணான்னா வேணாம்மா. நானே போய் சொல்லிட்டு வரேன். திட்டுனா திட்டட்டும்."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப அவர வரச் சொல்லுங்க. பேசிப் பாக்கறேன்."