எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம்

அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ், ஒரு நாள் அதே பிரிவின் ஏழாம் எண் கட்டிலில் நோயாளியாகப் படுத்தாள். பித்தப்பையில் கல் என்றுதான் ஆரம்பித்தது. சீழ் பிடித்து, காய்ச்சல் எகிறி, அவசர அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தலைவலி என்று ஒரு நாள் லீவு போட்டவள் இல்லை.

கண் விழித்தபோது கூரை தண்ணீராக இருந்தது. வெளிர்பச்சைத் தண்ணீர். மெல்ல மெல்ல அலையடித்தது. அதற்கு மேலே யாரோ நடந்துபோனார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கீழே இறங்கி வந்தது. வருடக்கணக்கில் அவளோடு உட்கார்ந்து டீ குடித்தவர்களின் குரல்கள்தான், ஆனால் எங்கோ ஆழத்திலிருந்து கேட்டன. கல்லூரிக்குப் போகிற அவளுடைய மகள் நான்கு வயதுக் குழந்தையாகக் கால்மாட்டில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரிய முடி கட்டிலைத் தாண்டி வழிந்து, தரையில் ஓடி, கதவுக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது.

முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. காலையா மாலையா தெரியவில்லை. நான் செத்துவிட்டேனா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது, வாயில் குழாய். ஆட்கள் வந்தார்கள், ஊசி மருந்தைச் சரிபார்த்தார்கள், திருப்பிப் படுக்க வைத்தார்கள், போனார்கள். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு குறை இல்லாமல். ஆனால் ஒருவரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

எத்தனையாவது நாளோ, தரை துடைக்க வந்த அம்மா கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை நுழைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், முழிச்சிட்டீங்களா? வியாழக்கிழமை ஆயிடுச்சு. வெளிய நல்ல மழை. உங்க வீட்டுக்காரர் வாசல்லயேதான் உக்காந்திருக்கார்."

அந்த வியாழக்கிழமையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் தண்ணீர் வடிந்தது. கூரை கூரையானது.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே, மதியம் ஏழாம் எண் காலியாக இருந்த நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி மல்லாந்து படுத்தாள். தலைமை நர்ஸ் உள்ளே வந்தவர் ஒரு கணம் திடுக்கிட்டுப் போனார்.

"என்னம்மா இது, மறுபடியும் அட்மிஷனா?"

"இல்லக்கா. இங்கேருந்து என்ன தெரியுதுன்னு பாக்கறேன். கடிகாரம் எங்கக்கா மாட்டியிருக்கு?"

"அதோ, உன் தலைக்குப் பின்னாடி."

"அதான். நமக்குத் தெரியுது. படுத்திருக்கறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

கடிகாரத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல்லி அவள் எழுதிய கடிதம் பராமரிப்புப் பிரிவில் மூன்று வாரம் தூங்கியது. நான்காவது வாரம் அவளே போய் நின்று கையோடு தச்சரைக் கூட்டிவந்தாள். இரண்டு ஆணி, ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து வார்டில் அவளுக்குக் "கடிகாரக்கா" என்று பெயர் வந்துவிட்டது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

கடிகாரம் மட்டும் போதாது என்பது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தபோது புரிந்தது. இருதய ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கூரையைப் பார்த்து அதட்டத் தொடங்கினார் மனிதர். "கீழ இறங்குடா! ஜன்னல்ல என்னடா குரங்கு மாதிரி?" என்று கையை ஓங்கியதில் நெஞ்சுக்குழாய் பிடுங்கிக்கொள்ள இருந்தது. கையைக் கட்டிவிடலாமா என்று இளைய நர்ஸ் துணிப்பட்டையோடு ஓடிவந்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் கடிகாரக்கா. அலமாரியில் வாத்தியாரின் பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்து மாட்டிவிட்டாள். திரையை முழுசாக விலக்கினாள். அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்தாள்.

"சார், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி மூணே கால். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அங்க ஆடறது பசங்க இல்ல சார், வெளிய இருக்கற மரத்தோட நிழல்."

வாத்தியார் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார். இலைகள் அசைவது கண்ணாடி வழியே அவருக்குத் துலங்கிவந்தது. "அப்ப இன்னைக்கு கிளாஸ் இல்லையா?" என்றார்.

"இல்ல சார். லீவு."

"நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். துணிப்பட்டை மறுபடி அலமாரிக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் இதையே செய்தாள். கண்ணாடி, காது மிஷின், பகலில் திறந்த திரை, வேளைக்கு ஒரு தரம் நாளும் மணியும் இடமும். மற்ற நர்சுகளையும் செய்ய வைத்தாள். தரை துடைக்கிற அம்மாவைக்கூட விடவில்லை. அறுவைசிகிச்சைத் துறையின் பெரிய டாக்டரம்மா காதுக்குச் செய்தி போயிற்று. கண்டிப்புக்குப் பேர்போனவர்.

"கண்ணாடி மாட்டினா புத்தி தெளியுதுன்னு நம்பச் சொல்றீங்களா சிஸ்டர்?"

"நம்ப வேணாம் மேடம். எண்ணிப் பாத்துடலாம்."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "எண்ணத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டாள். கடிகாரத்தை மாற்றுவதற்கு முந்தைய நாற்பத்தெட்டு நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தூசி தட்டி எடுத்தாள். புதிதாக வந்த ஐம்பத்தொரு பேரிடம் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரே மாதிரியான நான்கு கேள்வி: பேர், இடம், நாள், மணி. வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் மகள் அவளுக்குக் கம்ப்யூட்டரில் அட்டவணை போடச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, அந்த பட்டனைத் தொடாதன்னு எத்தனை தடவ சொல்றது!" என்று திட்டு வாங்கினாள். சில நாள் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கையில் அவை கலைந்து முகங்களாகும். இருபத்தாறு என்பது கட்டிலிலிருந்து படகோட்டிய கிழவர். முப்பத்தொன்று, இறந்துபோன தங்கையோடு விடாமல் சிரித்துப் பேசிய பெண். அவள் கொஞ்ச நேரம் அவர்களோடு இருந்துவிட்டு மறுபடி எண்ணுக்குத் திரும்புவாள்.

நாற்பத்தெட்டில் இருபத்தொரு பேர் குழம்பியிருந்தார்கள். ஐம்பத்தொன்றில் பன்னிரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் இதைச் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. பேராசிரியர்கள் உட்கார்ந்து டாக்டர்கள் பேசுகிற அரங்கம் அது. நர்ஸ் யாரும் அதுவரை அந்த மேடையில் ஏறியதில்லை. முந்தின வாரம் முழுக்க வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒப்பித்துப் பார்த்தாள். தபால்காரரான அவர் நாளெல்லாம் சைக்கிள் மிதித்துவிட்டு வந்த அசதியிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கே புரியுது. டாக்டருங்களுக்குப் புரியாதா?"

"புரியறது பிரச்சினை இல்லீங்க. கேள்வி கேப்பாங்களே, அதுதான் பயமா இருக்கு."

கேட்டார்கள். அவள் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து மயக்க மருந்து டாக்டர் எழுந்தார். ஒட்டடைக்குச்சி போல உயரமான ஆள்.

"சிஸ்டர், அதே மாசங்கள்லதான் நாங்க தூக்க மருந்தோட அளவைக் குறைச்சோம். அதனாலகூடத் தெளிஞ்சிருக்கலாம் இல்லையா?"

மேடை விளக்கின் வெளிச்சத்தில் அவளுக்கு முகங்கள் தெரியவில்லை; இருட்டில் வெள்ளைக் கோட்டுகள் மட்டும் மிதந்தன. மருந்தளவு நர்சுகளின் பொறுப்பில்லை என்று தப்பித்துப் பேச ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அவள் அதில் போகவில்லை.

"இருக்கலாம் சார். மருந்தளவையும் குறிச்சுத்தான் வச்சிருக்கேன், கடைசிப் பக்கத்துல. எது எவ்வளவு உதவிச்சுன்னு எனக்குத் தெரியல. தனித்தனியாப் பாத்தாத்தான் தெரியும்."

உயரமான டாக்டர் உட்காரவில்லை. "அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்க" என்றார். காட்டினாள். அவர் படிகளில் இறங்கி மேடைக்கே வந்து திரையருகே நின்று படித்தார். "இதை நாங்கதான் குறிச்சு வச்சிருக்கணும்" என்றார், பாதி தனக்குள்.

கைதட்டல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கு ஞாபகமில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தெருக்கள் ஒளியில் கரைந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன. இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

இரண்டாவது ஆய்வை அவளும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து செய்தார்கள். ஒன்றரை வருடம் ஆனது. அவளுடைய வழிகள் உதவின, ஆனால் முதலில் தெரிந்த அளவுக்கு இல்லை; தூக்க மருந்தைக் குறைத்ததற்கும் பங்கு இருந்தது. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவளுடைய வழிகள், குறைந்த மருந்தளவு இரண்டையும் சேர்த்து மருத்துவமனை எல்லா வார்டுகளுக்கும் நடைமுறையாக்கியது.

நாற்பத்து மூன்று வயதில் மேற்படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் பாதிப்பேர் மகள் வயது. பரீட்சைக் காலத்தில் தாயும் மகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள்; தபால்காரர் இருவருக்கும் காபி போட்டார். படிப்பு முடிந்ததும் செவிலியர் ஆய்வுக்கென்று ஒரு பதவியை உருவாக்கி அவளைக் கூப்பிட்டார்கள். தனி அறை, கதவில் பலகை.

"வாரத்துல ரெண்டு நாள் வார்டுல இருப்பேன் மேடம். அது இல்லாம வேண்டாம்" என்றாள்.

டாக்டரம்மா முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்போது புதன்கிழமைதோறும் மயக்க மருந்து டாக்டர் அந்த அறைக்கு வருகிறார். மூன்றாவது ஆய்வில் நோயாளிகளின் வீட்டார் எத்தனை மணி நேரம் கூட இருக்கலாம் என்பது பற்றி இருவருக்கும் சண்டை. அவர் ஒரு மணி நேரம் என்கிறார். அவள், வீட்டார் விரும்புகிற நேரமெல்லாம் என்கிறாள். போன புதன்கிழமை சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம்.