வராத மாப்பிள்ளையின் மெத்தை

இடுப்பு வலிக்கு மெத்தை வாங்கப் போன கடையில் படுத்துப் பார்க்க முனைந்தேன்.

“ஆளுக பாக்குறாங்க. கையால அமுக்கிப் பாரு, போதும்,” என்று தடுத்தார் கணவர்.

அமுக்கியதும் எழுந்த இலவம்பஞ்சு மணம் என்னைத் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. அப்போது எட்டு வயதுதான் எனக்கு. என்றைக்கோ எனக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்கென்று வீட்டின் ஒரே மெத்தையைப் பரணில் சுருட்டி வைத்திருந்தார்கள். அம்மாவோ இடுப்பு வலியோடு தரையில் படுப்பார். ஒருநாள் பட்டப்பகலில் அந்த மெத்தையை இறக்கி விரித்துப் படுத்துவிட்டார்.

“மாப்பிள்ளை மெத்தையில படுக்குறியே!” என்று பதறினார் அத்தை.

“மாப்பிள்ளை எந்த ஊர்ல இருக்காரோ! இடுப்பு இங்கதான் வலிக்குது மதினி,” என்ற அம்மா எழுந்திருக்கவே இல்லை.

நானும் செருப்பைக் கழற்றினேன். நடுக்கடையில் மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்தேன்.

“இது குழியுது தம்பி, அடுத்ததை விரிங்க.”

கணவர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்றாவது மெத்தையில் இடுப்பு அடங்கியது.

“என்னங்க, அங்கிட்டு என்ன பார்வை? நீங்களும் வந்து படுத்துப் பாருங்க!”